குட்டிப் பாப்பாவோட ஸ்விம்மிங் போறப்ப பைக்குள்ள என்னென்ன வைக்கணும்? எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விங்க

எங்க பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு. ரெண்டு வயசுலருந்தே தண்ணிக்கு கூட்டிட்டுப் போயிட்டு இருக்கோம். கோயம்புத்தூர்ல இருக்கறதால முக்காவாசி நாள் அபார்ட்மென்ட் பூல்தான், லீவு விட்டா மேட்டுப்பாளையம் பக்கம் வாட்டர் பார்க், சொந்தக்காரங்க வந்தா கொடிவேரி தடுப்பணை, பொள்ளாச்சி பக்கம் போனா குரங்கு அருவி. நான் தூக்கிட்டுப் போற மூட்டைய பாத்து சிரிச்சவங்களே அப்புறம் தனியா வந்து "நீ என்னதான்டி வெக்கிற அதுல"னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

ரெண்டு மணி நேரம் தண்ணில வெளாடறதுக்கு இவ்ளோ பெரிய மூட்டையா?

நானும் மொதல்ல ஒரு டவல், ஒரு மாத்து டிரஸ், அவ்ளோதான்னு போயிட்டு இருந்தவதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஏப்ரல் மாசம், சாயங்காலம், எங்க குட்டி பூல்ல மொத படில பாப்பாவ உக்கார வெச்சிட்டு காகிள்ஸ் எடுக்கத் திரும்பினேன். பை ஒரு எட்டுலதான் இருக்கு. டவலுக்கு அடில இருக்கும்னு கைய விட்டா இல்ல, சைடு ஜிப்ப தொறந்தா வெட் வைப்ஸ், கீழ பிஸ்கட் பாக்கெட், அதுக்கும் கீழ ஒத்தச் செருப்பு, காகிள்ஸ மட்டும் காணோம். திரும்பிப் பாத்தா மொத படில பாப்பா இல்ல. கீழ் படிக்கு வழுக்கிட்டுப் போயி தண்ணி மூக்கு வரைக்கும் வந்து, கண்ண மட்டும் பெருசா தொறந்துட்டு மேல பாத்துட்டு இருக்கா. கத்தல, கைய அடிக்கல, ஒரு சத்தமும் இல்ல. பக்கத்துல நின்ன மூணாவது மாடி அக்கா கைய விட்டு அள்ளித் தூக்கிட்டாங்க. எல்லாம் சேத்து பதினஞ்சு செகண்டு இருக்குமா, அவ்ளோதான். அவ ரெண்டு தடவ இருமிட்டு மறுபடி தண்ணிக்குள்ள எறங்கணும்னு அழுதா, எனக்குத்தான் அன்னிக்கு நைட்டு பூரா தூக்கம் வரல.

அன்னில இருந்து பை கட்டறதுல எனக்கு ஒரே கணக்குதான், குழந்த தண்ணில இருக்கறப்ப நான் பைக்குள்ள தேடவே கூடாது. கீழ சொல்ற எல்லாமே அந்த ஒண்ணுக்காகத்தான். நெறைய சாமான் எடுத்துட்டுப் போறது பெருசில்லீங்க, கண்ண எடுக்காம கை நீட்டுனா எது எங்க இருக்குனு தெரியணும்.

என்ன பை நல்லது?

ஆன்லைன்ல ஸ்விம் பேக்னு நூறு டிசைன் இருக்கு, நானும் ஒண்ணு வாங்கினேன், ஏழு ஜிப்பு, எந்த ஜிப்புல எத வெச்சோம்னு தேடறதுக்கே தனி ஆள் வேணும். இப்ப நான் யூஸ் பண்றது எங்க அம்மா பின்னிக் குடுத்த வயர் கூடை. சிரிக்காதீங்க. மேல தொறந்தே இருக்கும், பாத்தாலே எல்லாம் தெரியும், ஈரம் பட்டாலும் சந்து வழியா தண்ணி வடிஞ்சு போயிடும், மண்ணு ஒட்டுனா குழாய்ல காட்டிக் கழுவிடலாம், கீழ வெச்சா சாயாது. பூல் ஓரத்துக்கு இந்தக் கூடை மட்டும்தான் வரும். மாத்து துணி, சாப்பாடு, போன், பர்ஸ் எல்லாம் வேற ஒரு சாதா தோள் பைல போட்டு தள்ளி சேர் மேல வெச்சிடுவேன். ஈரம் ஒரு பக்கம், காஞ்சது ஒரு பக்கம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பாத்துக்கவே கூடாது.

வயர் கூடை இல்லனா துணிக்கட கட்டப்பை கூட ஓகே, ஆனா ரெண்டு மாசத்துல காது பிஞ்சிடும்.

எந்த வரிசைல அடுக்கணும்?

தலகீழா. கடைசில தேவைப்படறது அடில, மொதல்ல தேவைப்படறது மேல. தண்ணில இருந்து வெளிய வந்த உடனே டவல், அப்ப டவல் எல்லாத்துக்கும் மேல. தண்ணிக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி வேணுங்கற காகிள்ஸ், கேப், சன்ஸ்க்ரீன் எல்லாம் பைலயே இருக்கக் கூடாது, வீட்லயே போட்டு கூட்டிட்டு வந்துடறேன், காகிள்ஸ் அவ கழுத்துலயே தொங்கும். மாத்து டிரஸ்ஸ தனித்தனியா வெக்காதீங்க, ஜட்டி, பனியன், கவுனு மூணையும் ஒரே சுருட்டா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சா ஒரு கையில எடுத்துடலாம், இன்னொரு கைலதான் குழந்த இருக்குமே.

காஸ்ட்யூம் எப்படிப்பட்டது வாங்கணும்? பனியன் ஜட்டியோட எறக்குனா என்ன?

காட்டன் தண்ணிய குடிச்சு கனமாயிடும், குழந்தைய கீழ இழுக்கும், நூல் நூலா பிரிஞ்சு பில்டர்ல போய் அடைக்கும், அதனாலதான் முக்காவாசி பூல்ல நைலானோ லைக்ராவோ மட்டும்தான்னு போர்டு வெச்சிருக்காங்க. முழுக்கை வெச்ச ரேஷ் கார்ட் டைப், அதான் உடம்போட ஒட்டுற நீச்சல் சட்ட, அத எடுத்தீங்கன்னா வெயிலுக்கும் ஆச்சு, சன்ஸ்க்ரீன் பூசற வேலையும் பாதி மிச்சம்.

கலர்தான் ரொம்ப முக்கியம், இத கடைல யாரும் சொல்ல மாட்டாங்க. பூல் டைல்ஸ் நீலம், தண்ணியும் நீலமாத் தெரியும், அதுல லைட் ப்ளூ இல்ல வெள்ள காஸ்ட்யூம் போட்ட குழந்த தண்ணிக்குள்ள போனா கண்ணுக்கே தெரியாது. நம்பலனா அந்த காஸ்ட்யூம சும்மா தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க, மாயமாயிடும். ஆரஞ்சு, அடிக்கிற பிங்க், ரெட்டு, இதெல்லாம்தான் பளிச்சுனு தெரியுது. எங்க பாப்பாவுக்கு நீல கலர் கடல்கன்னி டிரஸ்தான் வேணும்னு ஒரே அழுக, வாங்கிக் குடுத்தேன், வீட்ல போட்டுட்டு சுத்தட்டும்னு.

டயப்பர் போடற குழந்தைக்கு என்ன பண்றது?

சாதா டயப்பர் வேண்டவே வேண்டாம், தண்ணிய உறிஞ்சி பலூன் மாதிரி ஊதி, கடைசில வெடிச்சு ஜெல்லு ஜெல்லா பூல் பூரா மெதக்கும். இது ஒரு பர்த்டே பார்ட்டில நடந்துச்சு, யார் வீட்டுக் குழந்தனு சொல்ல மாட்டேன். ஸ்விம் டயப்பர்தான் போடணும், ஆனா அது ஒண்ணுக்க நிறுத்தாது, கெட்டியா போனா மட்டும் கொஞ்ச நேரம் புடிச்சு வெக்கும், அவ்ளோதான். அதனால வீட்லருந்து கெளம்பறப்பவே ஸ்விம் டயப்பர் போட்டுடாதீங்க, கார் சீட் நனையும், பூலுக்கு வந்ததும் அங்க பாத்ரூம்ல மாத்துங்க. அரை மணிக்கு ஒரு தடவ, அதிகம் போனா ஒரு மணிக்கு ஒரு தடவ தூக்கிப் பாக்கணும், அப்பவும் பூல் ஓரத்துல மாத்தக் கூடாது, பாத்ரூம்லதான்.

பேதி இருக்கற குழந்தைய தயவு செஞ்சு கூட்டிட்டு வராதீங்க. குளோரின்தான் இருக்கேனு சொல்லுவாங்க, கிரிப்டோனு ஒரு கிருமி இருக்கு, ஒழுங்கா குளோரின் போட்ட தண்ணிலயே ஒரு வாரத்துக்கு மேல உசுரோட இருக்கும். ஒரு குழந்தைக்கு வந்தா தண்ணிய முழுங்குற எல்லாக் குழந்தைக்கும் வரும்.

டவல் எத்தன? எந்த மாதிரி?

மெத்துமெத்துனு இருக்கற டர்க்கி டவல் ஒண்ணு நனைஞ்சா ஒரு கிலோ கனம், அடுத்த நாள் வரைக்கும் காயாது. நம்ம ஈரோட்டு ஈரிழைத் துண்டு ரெண்டு மூணு போதும், எடமும் அடைக்காது, தண்ணியும் நல்லா இழுக்கும், வெயில்ல போட்டா அரை மணில காஞ்சிடும். ஒண்ணு தலைக்கு, ஒண்ணு உடம்புக்கு, மிச்சம் ஒண்ணு கீழ விரிக்க.

இன்னொரு ஐட்டம் சொல்றேன், என் பழைய காட்டன் நைட்டிய முட்டிக்கு மேல வெட்டி கீழ மட்டும் மடிச்சு தைச்சு வெச்சிருக்கேன். பாப்பா வெளிய வந்ததும் தல வழியா மாட்டி விட்டா கூடாரம் மாதிரி நிக்கும், உள்ளயே காஸ்ட்யூம உருவிடலாம், உள்ளயே ஜட்டி போட்டுடலாம், நாலு பேர் பாக்கறாங்கனு ரூம் தேடி ஓட வேண்டாம், காத்தும் படாது. இதுக்குனு ஹூடு வெச்ச டவல் ஆயிரம் ரூபாய்க்கு விக்கறாங்க, வாங்கறவங்க வாங்கிக்கங்க.

கைல மாட்டுற பலூன், டியூப் இதெல்லாம் இருந்தா பயமில்லதான?

பயம் இருக்கணும். அது வெளாட்டுச் சாமான், காத்து எறங்கும், கை வழுக்கி கழண்டுடும், டியூப் கவுந்தா குழந்த தல கீழா மாட்டிக்கும், தானா நிமிரத் தெரியாது. ஆழம் இருக்கற எடம், படகு, ஆறுனா சைஸுக்கு ஏத்த லைஃப் ஜாக்கெட்தான், கால் நடுவுல பட்டி வர்றது பாத்து வாங்குங்க, இல்லனா ஜாக்கெட் மட்டும் மேல வந்து குழந்த கீழ போயிடும். அதப் போட்டிருந்தாலும் நீங்க கை எட்டுற தூரத்துல தண்ணிக்குள்ள இருக்கணும், சேர்ல உக்காந்து போன பாத்துட்டு "பாப்பா பாத்துடா"னு சொல்றதெல்லாம் பாத்துக்கறது ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் 2024 கடைசில ஒரு அறிக்கை விட்டாங்க, 2021 ஒரு வருஷத்துல மட்டும் உலகத்துல 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி எறந்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு அஞ்சு வயசு ஆகாத குழந்தைங்க. அதப் படிச்சப்ப எனக்கு அந்த மொத படிதான் ஞாபகம் வந்துச்சு.

நாலஞ்சு பெரியவங்க சேந்து போனீங்கன்னா இன்னும் கவனம், ஆளாளுக்கு மத்தவங்க பாத்துக்குவாங்கனு விட்டுடுவோம். நாங்க இப்ப முறை போட்டுக்கறோம், இருவது நிமிஷம் நீ, அடுத்த இருவது நிமிஷம் நான், முறைல இருக்கறவங்க கைல போன் இருக்கக் கூடாது, கைல ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிக்கணும், முறை மாறும்போது அதயும் மாத்திக் குடுக்கணும். டிரஸ் சுருட்டுல இருந்து எடுத்த அதே ரப்பர் பேண்டுதான்.

சன்ஸ்க்ரீன் நம்ம ஊர் புள்ளைங்களுக்கு எதுக்கு?

கருத்துடும்னு இல்லீங்க, எரியும், அதுக்குத்தான். தண்ணி வெயில திருப்பி அடிக்கும், ஈரத்துல இருக்கறப்ப சுடறது தெரியாது, நைட்டு தோள் செவந்து தொட விடாது. எஸ்பிஎஃப் 30க்கு மேல, வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டது, கெளம்பறதுக்கு இருவது நிமிஷம் முன்னாடி வீட்லயே பூசுங்க, ரெண்டு மணிக்கு ஒருக்கா மறுபடி, அதுக்கு மட்டும் டியூப் தள்ளி இருக்கற தோள் பைல இருக்கட்டும். காது மடல், கழுத்து பின்பக்கம், பாதத்து மேல் பக்கம், இந்த மூணையும் எல்லாரும் விட்டுடுவாங்க. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு சன்ஸ்க்ரீன் வேண்டாம், நெழல்லயே வெச்சுக்கங்க. அதெல்லாம் விடுங்க, காலைல ஒம்பது மணிக்குள்ள இல்ல சாயங்காலம் நாலரைக்கு மேல போனீங்கன்னா பாதி பிரச்சன இல்ல.

கொலுசு, செயின், பொட்டு, தலைக்கு எண்ணெய்?

கொலுசும் செயினும் வீட்லயே கழட்டிடுங்க, பைல கூட வேண்டாம். குளோரின்ல வெள்ளி கருத்துடும், திருகாணி எங்க விழுந்துச்சுனு பூல் அடில யார் தேடறது. அர்ணாக்கயிறு கழட்ட மாட்டோம்னா சரி, ஆனா வெளிய வந்ததும் கயித்துக்கு அடில நல்லா தொடைங்க, ஈரத்தோடயே இருந்து இடுப்ப சுத்தி செவப்பா தடிச்சுடுது. மைப் பொட்டு கண்டிப்பா அழிச்சிட்டு வாங்க, கன்னத்துல வெச்ச திருஷ்டிப் பொட்டும்தான், தண்ணி பட்டு கண்ணுக்குள்ள ஒழுகி, எரியுதுனு கண்ணக் கசக்கி, அப்புறம் குளோரின்தான் காரணம்னு பூல்காரர திட்டுவோம். எண்ணெய் வேண்டாம், தண்ணி மேல படலமா நிக்கும். அதுக்கு பதிலா எறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்ல தண்ணில தலைய முழுசா நனைச்சிடுங்க, முடி ஏற்கனவே தண்ணி குடிச்சிருந்தா பூல் தண்ணி அவ்வளவா ஏறாது.

காதுல தண்ணி போனா பட்ஸ் வெக்கலாமா?

வேண்டாம். தலைய ஒரு பக்கம் சாச்சு, காது மடல லேசா பின்னாடி இழுத்தா தானா வடியும், துண்டு நுனியால வெளிப்பக்கம் மட்டும் ஒத்தி எடுங்க. பட்ஸ் வெச்சா உள்ள இருக்கற அழுக்க இன்னும் தள்ளி விடுவோம். எண்ணெய காய்ச்சி ஊத்தறதும் வேண்டாம். காதத் தொட்டாலே அழுதான்னா டாக்டர்ட்ட போயிடுங்க. பைல இருந்து பட்ஸ் டப்பாவையே எடுத்துட்டேன் நான், இருந்தா கை போகும்.

சாப்பிட என்ன எடுத்துட்டுப் போறது?

தண்ணில இருந்து வந்தா இதுங்களுக்கு அசுரப் பசி எடுக்கும், வீட்ல ரெண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம் கதை சொல்லணும், இங்க நாலு இட்லி நின்னுட்டே சாப்புடும். பொடி தடவின குட்டி இட்லி, எலுமிச்ச சாதம், வாழப்பழம், கையில புடிச்சு சாப்புடற மாதிரி ஐட்டமா இருக்கட்டும். கொழம்பு சாதம் எடுத்துட்டுப் போயி ஈரக் கையோட ஊட்டுனது எல்லாம் ஒரு காலம். முழு வேர்க்கடல, பாப்கார்ன் இந்தச் சின்னப் புள்ளைங்களுக்கு வேண்டாம், ஓடிட்டே சாப்புடும், தொண்டைல அடைக்கும். ஒரு ஸ்டீல் பிளாஸ்க்ல வெதுவெதுனு பாலோ ராகிக் கஞ்சியோ, இன்னொரு பாட்டில்ல குடிக்கிற தண்ணி. கண்ணாடி எதுவும் கூடாது, ஒடஞ்சா வெறுங்கால்.

எறங்கறதுக்கு முன்னாடி வயிறு முட்ட குடுக்காதீங்க, சாப்ட்டு எறங்குனா முழுகிடுவாங்கனு பயமுறுத்தறது எல்லாம் சும்மா, ஆனா குதிச்சு வெளாடி பூல்லயே வாந்தி எடுத்தா அன்னிக்கு எல்லாரோட குளியலும் முடிஞ்சது.

மாமியார் சளி புடிக்கும்னு விடவே மாட்டேங்கறாங்க, என்ன பண்றது?

எங்க அத்தையும் அப்படித்தான், கெளம்பறப்பவே "ஏம்மா கண்ணு, புள்ள தலைய நல்லா தொவட்டு, சளி புடிச்சுக்கும் பாத்துக்க"னு மூணு தடவ சொல்லுவாங்க. சளி கிருமியாலதான் வருது, தண்ணியால இல்லனு ஒரு தடவ வெளக்கப் போயி வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா ஒரு விஷயத்துல அவங்க சொல்றது சரிதான், சின்னக் குழந்தைங்க ஒடம்பு சூடு சீக்கிரம் எறங்கிடும், கைக்குழந்தைக்கு எல்லாம் தண்ணி 32 டிகிரியாவது இருந்தாத்தான் நல்லது, நம்ம ஊர் பூல் மார்கழில அதுக்கு ரொம்ப கீழ இருக்கும். ஒதடு நீலமாச்சு, தாடை நடுங்குச்சுனா அவ்ளோதான், "இன்னும் அஞ்சு நிமிஷம்மா"னு கெஞ்சினாலும் தூக்கிடுங்க. ஆரம்பத்துல இருவது நிமிஷமே தாராளம். பைல ஒரு குல்லாவும் சாக்ஸும் வெச்சா குழந்தைக்கும் நல்லது, அத்தைக்கும் நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் சாம்பிராணி போடறாங்க, அந்தப் பொகையத்தான் எப்படி நிறுத்தறதுனு இன்னும் தெரியல.

பூல் தண்ணி நல்லா இருக்கானு எப்படி தெரியும்?

கண்ணால பாத்து ஒண்ணு சொல்லலாம், பெரிய பூல் அடில தண்ணி வெளிய போற எடத்துல இருக்கற ஓட்ட ஓட்டயான மூடி தெளிவா தெரியணும், தெரியலனா வீட்டுக்குத் திரும்பிடுங்க. எங்க பூல் பாக்கற அண்ணா தெனம் காலைல ரெண்டு குட்டி டியூப்ல தண்ணி புடிச்சு ரெண்டுலயும் வேற வேற சொட்டு மருந்து விடுவாரு, ஒண்ணு மஞ்சளாகும், அது குளோரின், இன்னொண்ணு சிவப்பாகும், அது பிஎச், தண்ணியோட அமில கார அளவு. குளோரின் 1 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு, கொறையக் கூடாது, பிஎச் 7க்கும் 7.8க்கும் நடுவுல நிக்கணும். கேட்டா காட்டுவாரு, யாரும் கேக்கறதில்லனு அவருக்கே வருத்தம்.

மூக்கத் தொளைக்கிற மாதிரி குளோரின் வாசம் அடிச்சா சுத்தமான பூலுனு நெனைக்காதீங்க. வேர்வையும் ஒண்ணுக்கும் குளோரினோட சேந்தாத்தான் அந்த நாத்தம் வரும், கண்ணு செவக்கறதும் அதாலதான். அதான் எறங்கறதுக்கு முன்னாடி குளிக்கச் சொல்றது. குழந்தைங்கள அரை மணிக்கு ஒரு தடவ பாத்ரூம் கூட்டிட்டுப் போங்க, வரலனுதான் சொல்லும், கூட்டிட்டுப் போனா வரும்.

மருந்து ஏதாச்சும்?

பிளாஸ்திரி நாலு, ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு, டாக்டர் உங்க குழந்தைக்கு எழுதிக் குடுத்தது எதாவது இருந்தா அது. இன்ஹேலர் இருக்கற குழந்தனா அது கூடையில மேலயே இருக்கணும். தண்ணி முழுங்கி இருமி, அப்புறமும் இருமல் நிக்கல, மூச்சு எறைக்குது, சோந்து போறான்னா தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு விடாம நேரா ஆஸ்பத்திரி. மூச்சே இல்லனா வயித்த அமுக்கி தண்ணி எடுக்கற வேலை வேண்டாம், வாய் மேல வாய் வெச்சு மூச்சு ஊதறதுதான் மொதல்ல, பக்கத்துல இருக்கறவங்க 108க்கு அடிக்கட்டும். இத ஒரு நாள் உக்காந்து ஒழுங்கா கத்துக்கங்க, நானும் எங்க வீட்டுக்காரரும் அந்தப் படி விஷயத்துக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டோம்.

அருவி, ஆத்துக்கு போறப்ப பை மாறுமா?

ரொம்பவே மாறும். மொதல்ல வயர் கூடை வீட்லயே இருக்கட்டும். ஆழியார் தாண்டி வால்பாறை ரோட்டுல இருக்கற குரங்கு அருவிக்கு சும்மா ஒண்ணும் அந்தப் பேர் வெக்கல. தொறந்த கூடைல வாழப்பழம் வெச்சுட்டு திரும்புனோம், பழம் போனது பரவால்ல, பாப்பாவோட பால் பாட்டிலயும் சேத்து எடுத்துட்டுப் போயி மேல ஒக்காந்து மூடிய தொறந்து குடிக்குது, கீழ பாப்பா அழுவுறா. ஜிப் வெச்ச பை, சாப்பாடு காருக்குள்ள, பாலித்தீன் கவர் சத்தமே கேக்கக் கூடாது. புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கற எடம், பிளாஸ்டிக் கவரு, யூஸ் அண்ட் த்ரோ எதுவும் கொண்டு போகாதீங்க. சோப்பு ஷாம்பூவும் வேண்டாம், அருவி பாத்ரூம் இல்ல.

கால்ல வழுக்காத ரப்பர் செருப்பு, பின்னாடி வார் வெச்சது, இது பூலுக்கு தேவையில்ல, பாறைக்கு கட்டாயம் வேணும். நைலான் காஸ்ட்யூம்தான் போடணும்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா அதுதான் நல்லது. கொடிவேரில தடுப்பணைல தண்ணி விழற எடம் பாக்க அழகா இருக்கும், கொறஞ்ச தண்ணில குழந்தைங்க உக்காந்து வெளாடலாம், ஆனா மேல பவானிசாகர் அணைல தண்ணி தொறந்தா இங்க குளிக்கத் தடை போட்டுடுவாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்கு நியூஸ பாத்துட்டு போங்க. ஆடிப்பெருக்கு நேரத்துல சின்னப் புள்ளைங்கள ஆத்துல எறக்கவே வேண்டாம், சொம்புல மோந்து கரைல ஊத்துனா போதும், அதுவே அதுங்களுக்கு கொண்டாட்டம்தான். அப்புறம் கொடிவேரி போனா சாப்பாட்டு டப்பா எதுவும் வேண்டாம், மீன் வறுவல் இருக்கு, குழந்தைக்கு மட்டும் முள்ளு பாத்துக் குடுங்க.

வாட்டர் பார்க்குக்கு?

வெளி சாப்பாடு முக்கால்வாசி உள்ள விட மாட்டாங்க, குழந்த சாப்பாட்ட மட்டும் கேட்டா விடுவாங்க, தனி டப்பால காட்டற மாதிரி வைங்க. காஸ்ட்யூம் வாடகைக்கு கெடைக்கும், சின்ன சைஸ் எப்பவும் தீந்து போயிருக்கும், சொந்தமா எடுத்துட்டுப் போங்க. லாக்கர் சாவிய கைலயே கட்டிக்கங்க. கூட்டத்துல தொலஞ்சு போனா கூப்புடற மாதிரி குழந்த முழங்கைல உங்க நம்பர பால்பாயிண்ட் பேனால எழுதி மேல டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டிடுங்க, சாயங்காலம் வரைக்கும் போகாது.

வண்டில போறோம், கார் இல்ல, எவ்ளோதான் தூக்கறது?

நாங்களும் மொதல் வருஷம் பூரா ஸ்கூட்டிலதான். ஒரு பை போதும், பிளாஸ்க், ரெண்டு துண்டு, டிரஸ் சுருட்டு, ஈரத்துணி போட ஒரு காலி அரிசிப்பை. ஆனா ஒரு ஜெர்கின் மட்டும் விட்டுடாதீங்க, குளிச்சிட்டு ஈரத் தலையோட வண்டி முன்னாடி நின்னுட்டு வந்தா எதுர் காத்துல நடுநடுங்கிடும். தலைய முழுசா காய விட்டுட்டே கெளம்புங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

அம்மாவுக்கு?

இதத்தான் யாரும் கேக்க மாட்டாங்க, நானே போட்டுக்கறேன். குழந்தைக்கு மூணு செட் எடுத்து வெச்சிட்டு எனக்கு மாத்து உள்ளாடை எடுக்க மறந்து, ஈர லெக்கிங்ஸோட கொடிவேரில இருந்து கோயம்புத்தூர் வரைக்கும் உக்காந்து வந்திருக்கேன். உங்க சுருட்டையும் முந்தின நாள் நைட்டே கட்டிடுங்க, உங்களுக்கும் ஒரு முழு நைட்டி எடுத்துக்கங்க, ஈர டிரெஸ்ஸ உள்ள விட்டு மாத்த அத விட நல்ல கூடாரம் கெடையாது. ஒரு கிளிப்பு, ஒரு சீப்பு. தலைவலி மாத்திர ஒண்ணு.

ஈரத்துணிய எதுல போடறது? வீட்டுக்கு வந்ததும்?

பத்து கிலோ அரிசிப்பை. ஜிப்போட வருமே, அந்த பளபளானு இருக்கறது. தண்ணி ஒரு சொட்டு வெளிய வராது, கைப்புடி இருக்கு, காசு இல்ல. உள்ள ஒட்டியிருக்கற தவிட்ட மட்டும் ஒருக்கா கழுவிடுங்க.

வந்ததும் மொத வேலை அந்தப் பைய காலி பண்றதுதான், குழந்த கார்லயே தூங்கிடும், நமக்கும் கண்ணு சொக்கும், "அப்புறம் பாத்துக்கலாம்"னு தோணும். ஞாயித்துக்கெழம போயிட்டு வந்து செவ்வாக்கெழம ஜிப்ப தொறந்தேன் ஒரு தடவ, பக்கத்து பிளாட்ல இருந்து என்னங்க வாசம்னு கேட்டாங்க. காஸ்ட்யூம சாதா தண்ணில அலசி, முறுக்கிப் பிழியாம, நெழல்ல போடுங்க, லைக்ரா வெயில்ல காஞ்சா ரெண்டு மாசத்துல தொளதொளனு ஆயிடும். கூடைய கவுத்தி வெச்சு காஞ்சதும் அதுலயே துண்ட திரும்ப அடுக்கி, டிரஸ் சுருட்ட தோள் பைல போட்டு, ரெண்டையும் ஆணில மாட்டிடறேன், அடுத்த வாரம் யாராச்சும் "பூலுக்கு போலாமா"னு கேட்டா செருப்பப் போட வேண்டியதுதான் பாக்கி. போன வாரம் எடுத்துப் பாத்தா துண்டுக்கு மேல அவளோட பொம்ம ஒண்ணு உக்காந்திருக்கு, அந்த நீலக் கடல்கன்னி டிரஸ்ஸோட கைய கிழிச்சு அதுக்கு ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி வெச்சிருக்கா.